பதினான்கிலிருந்து பதினைந்துக்கு

என் மியாட்டா 1990ஆம் ஆண்டு வண்டி, இரண்டே இருக்கை. மஸ்தா அதற்குப் போட்டு அனுப்பிய டயர் 185/60 ஆர்14. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 60 சதவீதம். 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். நடுவிலுள்ள ஆர், ரேடியல்.

14 அங்குலத்தில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் இப்போது அரிது. அதனால் 15 அங்குல ரிம்முக்கு மாறி 195/50 போட்டேன். முதலில் காகிதத்தில் கணக்குப் பார்த்தேன்: பழைய டயரின் மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ., புதியது 576. ஆக, வேகமானி பொய் சொல்லாது. பக்கச்சுவர் மட்டும் 111 மி.மீ.யிலிருந்து 97.5 ஆகக் குறைந்தது. இப்போது ஸ்டியரிங் சொன்னதை வண்டி உடனே கேட்கிறது. சாலைப் பள்ளங்களைக் கேட்பது என் முதுகெலும்பு!

இன்னும் அகலமாகப் போடலாமே என்றார் கடைக்காரர். 116 குதிரைத்திறன் வண்டிக்கு எதற்கு? கனத்த சக்கரத்தைச் சுழற்றவே இன்ஜின் மூச்சு வாங்கும்.

அளவைவிட ரப்பர் முக்கியம் என்பதை டொரோண்டோவின் நவம்பர் காலையொன்று கற்பித்தது. கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துவிடும். ஆள் நடக்கும் வேகத்தில்தான் திரும்பினேன். பின்பக்கம் தன் வழியே போனது. இப்போது குளிர் வந்தால் வண்டி ஷெட்டில்தான்.

ஒருமுறை ஒரு கடையில் பாதி விலைக்கு நான்கு டயர் வாங்கினேன். வீட்டில் கழுவும்போதுதான் பக்கச்சுவரில் 0911 கண்ணில் பட்டது. அவை தயாரானது 2011ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம்.