காவலரை விசாரிப்பது யார்?

புதுவையில் சிவப்புத் தொப்பிக் காவலரைக் கண்டால் ஒதுங்கி நிற்பது சிறுவயது முதல் எனக்குப் பழக்கம். அவரே குற்றம் செய்தால் விசாரிப்பது யார்?

பொதுமக்களிலிருந்து அமர்த்தப்படும் ஜூரியினர் என்பார் சிலர். அமெரிக்காவில் ரோட்னி கிங்கை அடித்த காவலர்களை 1992-இல் ஜூரியினர் தண்டிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் நகரம் எரிந்தது. 2021-இல் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கொன்ற காவலரைக் குற்றவாளி என்றதும் ஜூரியினர்தாம்!

நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் அம்முறை 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு மறைந்தது. இங்கே தீர்ப்பு நீதிபதியுடையது. ஆனால் அவர்முன் சாட்சி வரவேண்டுமே? காவல் நிலையத்துக்குள் நடப்பதைக் காண்பவரும் காவலரே.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் இறந்தபின், இரவு முழுதும் அவர்களை அடித்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர், அந்நிலையத்துப் பெண் தலைமைக் காவலர் ஒருவர். கையொப்பமிட அஞ்சினார், பின் இட்டார்.

ஜூரியா, நீதிபதியா என்று வகுப்பில் வாதாடினோம். அந்த அம்மையாரைப் பற்றி, நான் உட்பட, எவரும் பேசவில்லை.