பாறை ஏறிய மீனுக்குப் படிக்கட்டு தடையான கதை

அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆற்றில், செலைலோ அருவியில் லாம்ப்ரே மீனைப் பிடிக்க அந்தக் காலத்தில் தூண்டில் தேவைப்படவில்லை, கையே போதும். இரண்டடி நீளம், விலாங்கு போன்ற வழவழப்பான உடல். தாடை கிடையாது, செதில் கிடையாது. வட்டமான உறிஞ்சும் வாய் மட்டும் உண்டு. அந்த வாயால் ஈரப் பாறையைக் கவ்வும். உடலைச் சுருக்கி ஒரு துள்ளு துள்ளும். சற்று மேலே போய் மறுபடி கவ்வும். இப்படியே செங்குத்தான பாறையையும் ஏறிக் கடந்துவிடும். யாகமா, யூமட்டில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினர் அவற்றைப் பாறையிலிருந்து பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டார்கள். சுட்டுத் தின்றார்கள், குளிர்காலத்துக்கு உலர்த்தி வைத்தார்கள், கொழுப்பை மருந்தாக்கினார்கள்.

1957இல் அருவிக்குக் கீழே கட்டிய டேல்ஸ் அணையின் கதவுகளை மூடினார்கள். சில மணி நேரத்தில் செலைலோ அருவி நீருக்குள் போய்விட்டது.

அதற்கு முன்பே, 1938இல், கீழே பானவில் அணை வந்திருந்தது. அணைகளில் மீன்கள் ஏறப் படிக்கட்டுகள் கட்டினார்கள். ஆனால் அவை சால்மனை மனத்தில் வைத்துக் கட்டியவை. சால்மன் எதிர்நீச்சலில் வலுவானது, தாவும். லாம்ப்ரேயோ கவ்விக் கவ்வித்தான் முன்னேறும். கான்கிரீட் சுவரின் கூரான மூலையில் அதன் வாய் பிடி விட்டுவிடுகிறது. தரையில் பதித்த கம்பிச் சல்லடையிலும் வாய் ஒட்டாது. வேகமாக வரும் நீர் அதைக் கீழே தள்ளிவிடுகிறது. அருவியையே ஏறிய மீன், மனிதன் கட்டிய படியில் தோற்றது.

லாம்ப்ரே குறைந்துபோனதற்கு அணை மட்டும் காரணமல்ல. கொலம்பியாவில் கலக்கும் யூமட்டில்லா ஆற்றின் கீழ்ப்பகுதியைப் பாசனத்துக்காக வறள விட்டார்கள். 1967இலும் 1974இலும் ‘வேண்டாத’ மீன்களை ஒழிக்கவென்று அந்த ஆற்றில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்தார்கள். லாம்ப்ரே கடலில் வாழும் காலத்தில் மற்ற மீன்களின் உடலில் ஒட்டி ரத்தம் குடிக்கும் என்பது உண்மை. ஆனால் வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குள் புகுந்து அங்குள்ள மீன்வளத்தை நாசமாக்கிய கடல் லாம்ப்ரே வேறு இனம். அதன் கெட்ட பெயரைச் சொந்த ஆற்றில் வாழ்ந்த இதுவும் சுமந்தது பெரும் அநியாயம்.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மாற்றியவர்கள் பழங்குடியினர்தாம். அணைகளில் பிடித்த லாம்ப்ரேக்களை வண்டியில் ஏற்றி, சுமார் 2000ஆம் ஆண்டிலிருந்து யூமட்டில்லாவின் மேல்பகுதியில் விட்டுவருகிறார்கள். அங்கே மறுபடியும் குஞ்சுகள் தென்பட்டன. அணைகளிலும் படிக்கட்டு மூலைகளை வளைவாக்கி, சல்லடைமேல் வழவழப்பான தகடு பதித்து, லாம்ப்ரே ஏறவென்றே அலுமினியச் சாய்தளம் அமைத்துவருகிறார்கள். 2012இல் பழங்குடி அரசுகளும் அரசுத் துறைகளும் சேர்ந்து பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.

ஆனாலும் வளர்ந்த மீனை ஏற்றிவிடுவது பாதி வேலைதான். அது சரளைக்கல்லில் குழி பறித்து முட்டையிட்டு இறந்துவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குக் கண்ணும் கிடையாது, பல்லும் கிடையாது. நீரோட்டம் தணிந்த ஓரத்தில், மென்மையான வண்டலுக்குள் புதைந்து, பாசித் துகளை வடிகட்டித் தின்று மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் அங்கேயே இருக்கும். ஆக, இந்த மீனுக்குச் சரளையும் வேண்டும், சேறும் வேண்டும்; இரண்டும் அருகருகே வேண்டும். ஆற்றை நேராக்கினாலோ ஓரத்தை வாரித் தூர் எடுத்தாலோ, ஒரே நாளில் பல ஆண்டுக் குஞ்சுகள் அழியும். அணை நீரைச் சட்டென்று இறக்கினால் வண்டலோடு அவையும் வெயிலில் காயும்.

எனவே நீரை மெல்ல இறக்குவதும், ஓரத்து வண்டலைத் தொடாமல் விடுவதும் சாய்தளம் கட்டுவதற்குச் சமமான வேலைகள். அவற்றை இனியும் தள்ளிப்போடக் கூடாது.