தொடக்கப்பள்ளி வகுப்பு நூலகமும் குடும்பத்தின் பல வடிவங்களும்

முன்னுரை

எழுத்தறியத் தொடங்கும் சிறுவர்க்குப் பாடநூல் முதலிற் காட்டும் சமுதாயப் படம் குடும்பமே ஆகும். தாய், தந்தை, மகன், மகள் என நால்வர் அப்படத்தில் நிற்பர். பாடநூல் ஒன்றே ஆதலின் அது காட்டும் குடும்பமும் ஒன்றாகவே அமைதல் இயல்பு. வகுப்பறையின் ஒரு மூலையில் அமையும் நூலகமோ பல நூல்களால் ஆயது. பல இல்லங்களைக் காட்ட வல்லது. பாட்டியிடம் வளரும் சிறுவனும், தாய் ஒருத்தியே பேணும் சிறுமியும், தந்தை கடல்கடந்து உழைக்கும் வீட்டுப் பிள்ளையும், தத்தெடுக்கப்பட்ட குழந்தையும் அவ்வகுப்பில் அமர்ந்திருத்தல் கூடும். அவர்தம் வீடு எந்நூலிலும் காணப்படாவிடின், அதனை அவர்கள் ஒரு குறையாகவே எண்ணத் தலைப்படுவர். ஆதலின் இத்தகைய நூல்களைத் தேரும் முறை யாது, அதற்குத் தமிழ் தரவல்லது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் எழுந்த ஆய்வு

இவ்வாராய்ச்சி அமெரிக்க நாட்டில் விரிவாக நிகழ்ந்துள்ளது. நான்சி லாரிக் என்பார் 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்து, அவற்றுள் நூற்றுக்கு 6.7 நூல்களிலேயே கறுப்பின மாந்தர் ஒருவரேனும் இடம்பெற்றனர் என 1965-இல் எடுத்துக்காட்டினார். 1990-இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியர், சிறுவர் நூல் ஆடியாகவும், பலகணியாகவும், கடந்து செல்லத்தக்க கண்ணாடிக் கதவாகவும் அமையும் என்று விளக்கினார். தன் வாழ்வைக் காண்பதற்கு ஆடி. பிறர் வாழ்வைக் காண்பதற்குப் பலகணி. அவ்வாழ்வினுள் கற்பனையால் புகுதற்குக் கதவு. இனம் பற்றித் தொடங்கிய இவ்வாராய்ச்சி குடும்ப வடிவங்களுக்கும் பொருந்துவதாயிற்று.

கதையின் இயல்பு

குடும்பத்தின் வடிவத்தையே பொருளாகக் கொள்ளும் நூல்கள் ஒரு வகை. வேறொரு கதைக்கு அதனை நிலைக்களமாகக் கொள்ளும் நூல்கள் மற்றொரு வகை. 'என் அன்னைக்கு ஒரு நாற்காலி' எனப் பொருள்படும் பெயருடைய வேரா வில்லியம்ஸின் நூல் (1982) பின்னதற்குச் சிறந்த சான்று. தீயில் உடைமைகளை இழந்த ஒரு சிறுமியும் தாயும் பாட்டியும் ஒரு சாடியில் நாணயங்களைச் சேர்த்து மெத்தை நாற்காலி ஒன்று வாங்குவதே அதன் கதை. தந்தை எங்கே என்று நூல் வினவுவதில்லை, விடையும் கூறுவதில்லை. மூவர் வாழும் அவ்வீடு நிறைவுடைய வீடாகவே நம் கண்முன் நிற்கின்றது. தந்தையை இழந்த சிறுவனின் துயரைப் பாடும் லூசில் கிளிஃப்டனின் 1983-ஆம் ஆண்டு நூலோ முன்னைய வகையைச் சார்ந்தது. துயருற்ற குழந்தைக்கு அதுவும் வேண்டுவதே. எனினும் முன்னைய வகை மட்டுமே அடுக்கில் இருப்பின், அத்தகைய வீடுகள் என்றும் துன்பத்திற்கு உரியன என்னும் தவறான எண்ணம் வேரூன்றும்.

இவ்வகை நூல்கள் பற்றிப் பூசலும் உண்டு. இரு தாயரைக் கொண்ட சிறுமியைப் பற்றி லெஸ்லியா நியூமன் 1989-இல் எழுதிய நூல் நெடுங்காலம் வழக்குரைக்கு இலக்காயிற்று. மேரிலாந்து மாநிலத்து மாவட்டம் ஒன்றில் ஒருபால் இணையர் முதலியோர் இடம்பெறும் கதைநூல்கள் மொழிப்பாடத்திற் சேர்க்கப்பட்டபோது, சமய உரிமை கருதிப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அந்நூல்களைப் பயிற்றுமுன் தமக்கு அறிவிக்கவும், தம் மக்களை விலக்கிக்கொள்ள இசையவும் வேண்டும் என இடைக்கால ஆணை பெற அப்பெற்றோர் உரியர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூன் திங்களில் தீர்ப்பளித்தது. யாவரும் கற்க வேண்டிய பாடமும், விரும்புவோர் எடுத்துப் படிக்கும் அடுக்கும் வெவ்வேறு என்பதை நாம் மறத்தலாகாது. அடுக்கில் உள்ளவற்றைப் பெற்றோர் வந்து காண வாய்ப்பளித்தல் நன்று.

சொல்லும் வழக்கும்

தமிழில் இத்தகைய நூல் எழுதப் புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது சொல்லிடர். 'தந்தையற்ற பிள்ளை', 'அநாதை' முதலியன இல்லாமையைக் கொண்டே ஒருவரைச் சுட்டுவன. ஓரவஞ்சனையை 'மாற்றாந்தாய் மனப்பான்மை' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அதனைப் படிக்கும் சிறுமி ஒருத்தியின் வீட்டில் அன்புடைய சிற்றன்னை ஒருவர் இருத்தல் கூடும் என்பதை நாம் எண்ணுவதில்லை. ஆயினும் தமிழில் 'செவிலி' என்னும் சொல்லும் உண்டு. அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். உடன்போக்கில் தலைவி பிரிந்தபின் அவளைத் தேடிச் சுரத்திடைச் செல்பவள் செவிலியே. அவள் தாய்மையைப் போலித் தாய்மை என்று எவரும் கூறவில்லை.

இலக்கியம் தரும் வளம்

பாரி இறந்தபின் அவன் மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்று, அவர்க்கு மணம்முடிக்க வேண்டி வேந்தரை நாடிச் சென்றவர் கபிலர். இது நட்பால் அமைந்த குடும்பம். மணிமேகலைக் காப்பியத்தில் மாதவி, தான் ஈன்ற மகளைக் கண்ணகியின் மகள் என்றே உரைக்கின்றாள். அக்காப்பியத்திலேயே, பிறந்தவுடன் கைவிடப்பட்டு ஆவின் பாலால் உயிர்பிழைத்த ஆபுத்திரனை இளம்பூதி தன் மகனாக ஏற்று வளர்க்கின்றான். பின்னர் ஊராரும் அவனும் அம்மகனை விலக்கும் பகுதி சிறுவர்க்கு ஏற்குமாறு எழுதுதற்கு அரிது. எனினும் வளர்ப்புப் பகுதி மட்டும் ஒரு சிறுநூலுக்குப் போதிய பொருளாகும்.

தேர்வு முறை

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படும். இந்நூல்களைத் தனி அடுக்கில் வைத்தலும், ஒரு குழந்தையின் நிலை அறிந்து பிறர் காண அந்நூலை அவன் கையிற் கொடுத்தலும் தகா; ஏனைய நூல்களோடு கலந்தே வைத்தல் வேண்டும். ஒவ்வொரு வடிவத்திற்கும் ஒரு நூலே இருப்பின், அதுவே அவ்வகை வீடு அனைத்திற்கும் இலக்கணம் ஆகிவிடும். ஆதலின் ஒன்றின் மேற்பட்டன வேண்டும். இரக்கத்தை வேண்டும் நூலினும் நகைப்பையும் வியப்பையும் தரும் நூலே விரும்பிப் படிக்கப்படும்.

முடிவுரை

குடும்பத்தின் வடிவங்கள் பலவாதல் இன்று புதிதாகத் தோன்றியதன்று. நம் பழைய நூல்கள் அறிந்ததே. அவ்வறிவைக் கற்றோர் அரங்கோடு நிறுத்தாது, ஏழு வயதுச் சிறுவனின் கைக்கு எட்டும் எளிய நடையில் தருதல் தமிழ் ஆய்வாளர்தம் கடமையாகும். செவிலியையும் கபிலரையும் உரையோடு கற்ற மாணவர் இப்பணிக்கு முன்வருவாராயின், வகுப்பறையின் சிற்றடுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் தன் வீட்டைக் காட்டும்.