பேஸ் கிட்டார் தோளிலிருந்து நழுவுவது ஏன்? ஆம்பூர் தோல் சொல்லும் பதில்!

கோயில் திருவிழா மேடை. மெல்லிசைக் கச்சேரியில் குத்துப்பாட்டு உச்சத்தில் இருக்கிறது. பேஸ் கிட்டார் வாசிப்பவர் உற்சாகத்தில் முன்னால் குனிந்து நிமிர்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். தோளில் தொங்கிய 4 கிலோ மரமும் இரும்புக் கம்பிகளும் ஒரு பக்கமாகச் சரிகின்றன. கை வேகமாக இருந்தால் பிடித்துவிடலாம். இல்லையென்றால் தலைப்பகுதி மேடையில் மோதி, கிட்டாரின் கழுத்தில் விரிசல் விழும்.

அதன்பிறகு ஸ்ட்ராப்பை எடுத்துப் பார்த்தால் ஆச்சர்யமாக இருக்கும். பெரும்பாலும் அது அறுந்திருக்காது. தையலும் விட்டிருக்காது. கிட்டாரில் உள்ள பட்டனும் அப்படியே இருக்கும். ஸ்ட்ராப்பின் நுனியில் இருக்கும் துளை மட்டும் பட்டனை விட்டு வெளியே வந்திருக்கும்.

விழுந்தால் நஷ்டம் சின்னது அல்ல. சுமாரான பேஸ் கிட்டாரே பல ஆயிரம் ரூபாய். நல்லது என்றால் பல பத்தாயிரங்கள். கச்சேரிக்கு இவ்வளவு என்று கைக்காசு வாங்கும் கலைஞருக்கு சித்திரை, வைகாசி, ஆடி மாதங்கள்தான் சீசன். அதன் நடுவே கழுத்து உடைந்தால் ரிப்பேர் செலவோடு, கையில் இருக்கும் அடுத்தடுத்த கச்சேரிகளும் போய்விடும். தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசிக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கிட்டார் சபைக்குச் சொந்தம். விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது வாசித்தவர்!

தரையில் நின்றது தோளுக்கு வந்தது

பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பாட்டில் நெஞ்சுக்குள் அதிர்கிற அந்தக் கனமான அடித்தொனிதான் பேஸ். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்ததும், ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததும் இந்தக் கருவியைத்தான். ஒருகாலத்தில் இந்தத் தொனிக்கு ஆளுயர டபுள் பேஸைத் தரையில் நிறுத்தி வாசித்தார்கள். 1951-ல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற மின்சார கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் பேஸ் பரவலாகத் தோளுக்கு ஏறியது. கூடவே, விழுவதற்கும் வழி பிறந்தது.

நம் ஊர் தவிலும் கனம்தான். ஊர்வலத்தில் தவில்காரர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வாசிக்கிறார். நழுவி விழுந்ததாகக் கேள்விப்படுவது அபூர்வம். காரணம் எளிது, தவிலைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். கிட்டாரை அப்படிக் கட்டுவதில்லை. நொடியில் மாட்டிக் கழற்ற வசதியாக, காளான் போன்ற தலை உள்ள இரண்டு உலோகப் பட்டன்கள் உண்டு. ஒன்று மேல் கொம்பில், இன்னொன்று அடிப்புறத்தில். ஸ்ட்ராப்பின் துளையை அதில் நுழைத்தால் முடிந்தது. பூட்டு இல்லை, முடிச்சு இல்லை. தோலின் விறைப்பு ஒன்றுதான் பிடிமானம்.

அப்படியானால், கிட்டாரின் எடைதான் துளையைப் பிய்த்துக்கொண்டு வருகிறதா? இல்லை. எடை இழுத்துக்கொண்டிருக்கும்வரை துளை பட்டனின் கழுத்தோடு இறுகித்தான் இருக்கும். ஆபத்து, எடை இல்லாத நொடியில். குனியும்போது, கிட்டாரைக் கையால் தூக்கும்போது, நாற்காலியில் உட்காரும்போது ஸ்ட்ராப் தளர்கிறது. அந்தத் தளர்வில் துளை மெல்லத் திரும்பி பட்டனின் தலை மீது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நிமிர்ந்ததும் மொத்த எடையும் ஒரே இழுப்பாக வர, 'டக்'. உட்கார்ந்து வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதைத்தான். எழும் முன் இரண்டு பட்டன்களையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

எந்தத் தோல் பிடிக்கும், எது கைவிடும்?

இங்கேதான் பாலாற்றங்கரை வருகிறது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... 2019-ல் மாவட்டங்கள் மூன்றாகப் பிரிந்தாலும் பலருக்கு இது இன்னும் 'வேலூர் பக்கம்'தான். பிரியாணிக்காக வண்டியை நிறுத்துகிறவர்கள் பெல்ட்டோ பர்ஸோ வாங்கிக்கொண்டு போகும் ஊர் ஆம்பூர். ஷூ கம்பெனிகளில் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் தையல் வேலை பார்க்கிறார்கள். தோல் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. கிட்டார் ஸ்ட்ராப் ஒன்று தைத்து வாங்க இதைவிடப் பொருத்தமான பகுதி தமிழ்நாட்டில் இல்லை. ஆனால், 'நல்ல தோலாகக் கொடுங்கள்' என்று மட்டும் கேட்டால் ஏமாற்றம்தான். ஷூவுக்கு நல்ல தோல் வேறு, ஸ்ட்ராப்புக்கு நல்ல தோல் வேறு.

ஷூவின் மேல்பாகத்துக்குப் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்ட தோல் போகிறது. டேனரியில் நீல நிறத்தில் ஈரமாக அடுக்கியிருப்பார்களே, அந்த 'வெட் ப்ளூ' இதன் முதல் நிலை. சீக்கிரம் பதமாகும், மென்மையாக இருக்கும், பாதத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். கிட்டார் துளைக்கு வேண்டாதது இந்த வளைந்து கொடுக்கும் குணம்தான். மாட்டிக் கழற்ற, மாட்டிக் கழற்ற, துளை நெகிழ்ந்துவிடும்.

ஸ்ட்ராப்பின் நுனிக்கு ஏற்றது தாவரப் பட்டைகளில் பதனிட்ட தோல். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் சாற்றில் வாரக்கணக்கில் ஊறித் தயாராகும் பழைய முறை இது. ஆவாரம் செடிக்கு ஆங்கிலத்தில் 'டேனர்ஸ் காஸியா', அதாவது தோல் பதனிடுபவர்களின் செடி என்றே பெயர். ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் ஏறிய இந்த வகைத் தோல் 'ஈ.ஐ. லெதர்' என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கான புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. இது விறைப்பானது. ஒருமுறை துளை போட்டால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தத் தொழிலுக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதைச் சொல்லாமல் போக முடியாது. டேனரிக் கழிவுகள் பாலாற்றை என்ன செய்தன என்பது, 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த விலையில் வரும் தோல், நாலு மாதத்தில் துளை கிழிந்து குப்பைக்குப் போனால் நஷ்டம் கிட்டார்காரருக்கு மட்டுமல்ல.

தோலில் எந்த இடத்திலிருந்து வெட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். முதுகெலும்பை ஒட்டிய பகுதி நெருக்கமான இழைகள் கொண்டது, இழுபடாது. வயிற்றுப் பகுதி தளர்வானது, நீண்டுவிடும். அனுபவமுள்ளவர் தோலைத் தொட்டு மடித்தே இதைச் சொல்லிவிடுவார். ஷூவின் மேல்தோல் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். பேஸ் ஸ்ட்ராப்பின் நுனிக்கு அதைப்போல இருமடங்கு தடிமன் வேண்டும். ஒரே தோலில் அந்தத் தடிமன் கிடைக்காவிட்டால் இரண்டு தோல்களை ஒட்டி, விளிம்பில் தைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் மலிவு ஸ்ட்ராப்களில் நைலான் நாடாவின் நுனியில் தோல் போல ஒரு துண்டு இருக்கும். பல நேரங்களில் அது ரெக்சின், அல்லது தோல் தூளை அழுத்திச் செய்த அட்டை. துளையைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தால், அந்த ஸ்ட்ராப்போடு மேடை ஏற வேண்டாம்.

அடுத்தது துளை. கிட்டாரையே தையல்காரரிடம் கொண்டுபோவது நல்லது. துளை, பட்டனின் கழுத்து அளவுக்கு இருக்க வேண்டும், தலை அளவுக்கு அல்ல. தலை நுழைவதற்குத் துளையிலிருந்து ஒரு சிறிய கீறல் போடுவார்கள். அந்தக் கீறல் ஸ்ட்ராப்பின் உள்பக்கம் நோக்கிப் போக வேண்டும், நுனியை நோக்கி அல்ல. எடை முழுவதையும் தாங்குவது துளைக்கும் நுனிக்கும் இடையே இருக்கும் தோல்தான். அங்கே கீறினால் முதலுக்கே மோசம். கீறல் முடியும் இடத்தில் பஞ்சால் ஒரு குட்டித் துளை போட்டுவிட்டால், அதற்கு மேல் கிழியாது. புது ஸ்ட்ராப்பை மாட்டும்போது கட்டை விரல் வலிக்க வேண்டும். சுலபமாக நுழைந்தால், சுலபமாகவே வெளியேயும் வரும்!

அகலம் 3 அங்குலமாவது இருந்தால் தோள் தப்பிக்கும். உள்பக்கம் சொரசொரப்பான தோலாக இருந்தால் சட்டையில் வழுக்காது. தலை கனமான சில பேஸ் கிட்டார்கள் கையை விட்டதும் கழுத்துப் பக்கம் சாயும். அந்தத் தொல்லையும் இதில் ஓரளவு குறையும்.

சில ரூபாய் வாஷர், சில ஆயிரம் ரூபாய் லாக்

நல்ல தோல் கிடைத்தாலும் கூடுதல் காவல் தேவை. மிக மலிவானது ரப்பர் வாஷர். ஸ்ட்ராப்பை மாட்டிய பிறகு, பட்டனின் தலையைவிடச் சிறிய துளை உள்ள, இழுபடும் தடித்த ரப்பர் வளையம் ஒன்றை அதன் மேல் இழுத்து மாட்டிவிட வேண்டும். வெளிநாட்டு கிட்டார் கலைஞர்கள் கிரோல்ஷ் என்ற நெதர்லாந்து பீர் பாட்டிலின் மூடி ரப்பரைப் பல வருடங்களாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஃபெண்டர் கம்பெனியே இப்படிப்பட்ட ரப்பர் வளையங்களை பாக்கெட்டில் போட்டு விற்கிறது. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் பட்டனை அளவு காட்டித் தேடினாலே பொருத்தமானது கிடைக்கலாம். ரப்பர் வெயிலில் வெடிக்கும் என்பதால் சீசனுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது உத்தமம்.

ஷாலர், டன்லப் போன்ற கம்பெனிகளின் ஸ்ட்ராப் லாக் இன்னும் உறுதியானது. கிட்டாரில் ஒரு பாகம், ஸ்ட்ராப்பில் ஒரு பாகம், இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஆனால், லாக் போட்டாயிற்று என்று மறந்துவிட முடியாது. ஸ்ட்ராப் பக்கத்து நட்டு ஆடி ஆடித் தளரும். தோல் மிகவும் தடிமனாக இருந்தால் சில லாக்குகளில் நட்டு பிடிக்க மரையே மிச்சம் இருக்காது. வாங்கும் முன் ஸ்ட்ராப்பைக் காட்டிக் கேட்க வேண்டும்.

தோலும் லாக்கும் சரியாக இருந்து, மரத்திலிருந்து ஸ்க்ரூவே பிடுங்கிக்கொண்டு வருவதும் உண்டு. பட்டனை விரலால் திருகிப் பாருங்கள். சுற்றினால், ஸ்க்ரூவைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஃபெவிகால் தடவிய பல் குத்தும் குச்சிகளை நெருக்கமாகச் சொருகி, மேலே நீட்டியிருப்பதை வெட்டிவிட்டு, ஒருநாள் காயவிட்டுத் திரும்ப முடுக்கினால் பிடித்துக்கொள்ளும். பெரிய ஸ்க்ரூவாகப் போட்டு முடுக்குவது பலரும் செய்யும் வேலை. மரம் பிளக்கும் அபாயம் அதில் உண்டு.

வயரிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் கேபிளை, அடிப்பட்டன் பக்கம் ஸ்ட்ராப்புக்கும் கிட்டாருக்கும் இடையே நுழைத்து எடுத்துப் பிறகு ஜாக்கில் சொருகினால், யாராவது வயரை மிதித்தாலும் ஜாக் பிடுங்கிக்கொண்டு வராது. காசில்லாத வேலை.

பிறகு வியர்வை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கும் வைகாசி வெக்கையில் மேடையில் 3 மணி நேரம் நின்றால் ஸ்ட்ராப் நனைந்துவிடும். நிழலில் காற்றாட உலர்த்தினால் போதும். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். சிலர் தோலுக்கு நல்லது என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். துளை இருக்கும் நுனியில் அது கூடவே கூடாது. எண்ணெய் ஊறிய தோல் நெகிழும். கிட்டாரை ஸ்ட்ராப்போடு ஆணியில் மாட்டிவைக்கும் பழக்கமும் துளையை மெல்லப் பெரிதாக்கும்.

துளை நெகிழ்ந்துவிட்ட பழைய ஸ்ட்ராப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தோளில் கிடக்கும் நடுப்பகுதி பல வருடங்கள் தாங்கும். போவது இரண்டு நுனிகள் மட்டும்தான். அவற்றை வெட்டியெடுத்துவிட்டு, விறைப்பான பட்டைத் தோலில் புதுத் துண்டுகளை ஒட்டித் தைத்துத் துளை போட்டுத் தரும்படி தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்கலாம். பெல்ட்டும் பையும் தைக்கும் கைக்கு அது பெரிய வேலை இல்லை.