கண்ணாடிச் சுவர்களுக்குள் ஒரு கணித வல்லுநன்

குடிமக்களை உளவு பார்க்கும் அரசு என்றதும் ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' என்னும் நாவலே பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னோடியான நாவல் ஒன்று உண்டு. ருஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஸமியாத்தின் 1920, 21-ஆம் ஆண்டுகளில் எழுதிய 'நாம்' என்பதே அது. ஆர்வெல்லும் இதைப் படித்து, 1946-இல் மதிப்புரை எழுதியிருக்கிறார். கணிதம் பயிலும் நான் ஒரு நாவலைப் பற்றி எழுத முன்வந்ததற்குக் காரணம், இதில் கதை சொல்பவனே ஒரு கணித வல்லுநன் என்பதுதான். எழுதியவரோ கப்பல் கட்டும் பொறியாளர்!

பல நூற்றாண்டுகளுக்குப் பின் உலகில் 'ஒரே அரசு' நிலவுகிறது. அங்கே மனிதருக்குப் பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணும்தான். ஆண்களுக்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், பெண்களுக்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும். நம் கதாநாயகன் டி-503 'இன்டெக்ரல்' என்ற விண்கலத்தைக் கட்டுகிறான். (தேர்வில் நம்மை வாட்டும் அதே தொகையீடுதான்.) வீடுகளின் சுவர்களெல்லாம் கண்ணாடி. அனைவரும் ஒரே நொடியில் எழ வேண்டும். ஒரே நேரத்தில் உண்ண வேண்டும். ஒரு வாய் உணவை ஐம்பது முறை மெல்ல வேண்டும். அதற்கென்று இளஞ்சிவப்புச் சீட்டு பெற்றவர் மட்டுமே சிறிது நேரம் திரைச்சீலையை இறக்கிக்கொள்ளலாம். தேர்தலும் உண்டு, எல்லாரும் பார்க்கக் கை தூக்க வேண்டும், நிற்பவரும் ஒருவரே!

எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே அறை. நான் படிப்பதும் தூங்குவதும் எல்லார் கண்ணிலும் படும். ஆனால் அம்மா பார்ப்பது நான் சாப்பிட்டேனா என்று. அந்நாட்டுக் 'காவலர்கள்' பார்ப்பதோ மேலிடத்துக்கு அறிவிக்க. பார்க்கிறவர் யார், எதற்காகப் பார்க்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆர்வெல்லின் நாயகன் அரசை வெறுத்து நாட்குறிப்பு எழுதத் தொடங்குகிறான். டி-503 அரசைப் புகழ்வதற்காகவே எழுதத் தொடங்குகிறான். எனக்கு இதுவே மிகுந்த அச்சத்தைத் தருகிறது. அடிமைத்தனம் அவனுக்குத் துன்பமாகவே தெரியவில்லை. பிழையற்ற சமன்பாடாகத் தெரிகிறது. அவனைக் கலக்குவது ஒன்றே ஒன்று: கழித்தல் ஒன்றின் வர்க்க மூலம். பள்ளிப் பருவத்தில் அதைக் கேட்டு அழுதவன் அவன். எண் கோட்டில் எங்கு தேடினாலும் இடமில்லாத எண் அல்லவா அது! ஒவ்வோர் எண்ணுக்கும் இடம் குறித்துவிட்ட நாட்டில் அதை எங்கே வைப்பது?

பின்னர் ஐ-330 என்ற பெண்ணை விரும்புகிறான். அவள் கலகக் கூட்டத்தைச் சேர்ந்தவள். இதுவே கடைசிப் புரட்சி, இனி வேறில்லை என்று அவன் சொல்ல, கடைசி எண்ணைச் சொல் பார்ப்போம் என்கிறாள் அவள். எண்களுக்கு முடிவில்லையே என்று அவன் திகைக்கிறான். அப்படியானால் புரட்சிக்கு மட்டும் ஏது முடிவு என்பது அவள் வாதம். முடிவிலியை இதைவிடத் தெளிவாக விளக்கும் பக்கத்தை நான் பாடநூலில் கண்டதில்லை.

அரசு கடைசியில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு மக்கள் மூளையிலிருந்து கற்பனையை அகற்றுகிறது. கற்பனை எண்ணுக்கு அஞ்சியவன் கற்பனையையே இழக்கிறான். பின்பு ஐ-330 சித்திரவதை செய்யப்படுவதை அமைதியாக உட்கார்ந்து பார்க்கிறான். அவளோ வாய் திறக்கவில்லை.

இந்நாவல் 1924-இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக நியூயார்க்கில் வெளிவந்தது. நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு, ஸமியாத்தின் 1931-இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதினார், அனுமதியும் கிடைத்தது. 1937-இல் பாரிஸில் காலமானார். சோவியத் நாட்டில் நூல் அச்சேறிய ஆண்டு 1988.