பேயைப் பாடினால் பேய் பக்தனா?

ஒரகடம் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைதான். கார், லாரி, மோட்டார் சைக்கிள் எல்லாம் இங்கே உருவாகின்றன. தகடு வெட்டும் பிரஸ் எந்திரத்தின் சத்தம் இங்குள்ள தொழிலாளிக்குப் பழகிப்போன சத்தம். அந்த எந்திரத்தின் பக்கத்தில் பிறந்த சங்கீதம் ஒன்று உண்டு. அதன் பெயர் "ஹெவி மெட்டல்". தமிழில் சொன்னால், கனத்த உலோகம்!

இந்தப் பாட்டைக் கேட்கும் பிள்ளைகள் உண்டு. பாடகர் உறுமுவார். அட்டைப் படத்தில் மண்டை ஓடு இருக்கும். பாட்டில் சாத்தான் வருவான், நரகம் வரும். "ஐயோ, பிள்ளை பேய் வழிபாட்டில் சேர்ந்துவிட்டானோ!" என்று தாய் பதறுவாள். பதறட்டும். ஆனால், பாட்டின் பொருளைக் கேட்டுவிட்டுப் பதறலாமே!

விரல் போன கதை

இங்கிலாந்தில் பர்மிங்காம் ஒரு தொழில் நகரம். அங்கே டோனி அயோமி என்ற 17 வயது வாலிபர் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அன்று அவருக்கு வேலையில் கடைசி நாள். அன்றைக்குத்தான் எந்திரம் அவருடைய இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்தது! அவரோ கிதார் வாசிப்பவர். மனம் தளரவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். பிறகு தந்திகளையும் தளர்த்தினார். நாதம் தாழ்ந்தது, கனத்தது.

1968-ல் அவரும் மூன்று நண்பர்களும் சேர்ந்து அமைத்த குழுதான் "பிளாக் சபாத்". "பிசாசுக் கூட்டம்" என்று ஊர் தூற்றியது. உண்மை என்ன? பெரும்பாலான பாட்டுக்களை எழுதிய கீசர் பட்லர், கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1970-ல் வெளிவந்த "வார் பிக்ஸ்" பாட்டில் சாத்தான் வருகிறான். எதற்கு? ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொள்ளும் பெரிய மனிதர்கள், கடவுளின் தீர்ப்பு நாளில் மண்டியிடுகிறார்கள். அவர்களைப் பார்த்துச் சாத்தான் சிரிக்கிறான். அவனை யாரும் அங்கே வணங்கவில்லை!

இன்னொரு வேடிக்கை. அந்தக் குழுவினர் கழுத்தில் சிலுவை அணிந்தார்கள். பாடகர் ஓசி ஆஸ்போர்னின் தந்தை ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அலுமினியத்தில் அவற்றைச் செய்து கொடுத்தவர் அவரே.

எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். 1992 முதல் நார்வேயில் இந்தச் சங்கீதக்காரர் சிலர் தேவாலயங்களுக்கே தீ வைத்தார்கள், சிறைக்கும் போனார்கள். ஆகவே, பாட்டுக்குப் பாட்டு பார்க்கத்தான் வேண்டும்.

நமக்குச் சுடுகாடு புதிதா?

சிவபெருமான் மண்டை ஓடு ஏந்தியவர், சுடுகாட்டில் ஆடுபவர். காளியின் கழுத்தில் தலைமாலை. காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டார். திருவாலங்காட்டில் பேய்கள் சூழ இறைவன் ஆடுவதைப் பாடினார். அவரை நாம் பயந்து ஒதுக்கினோமா? நாயன்மார் வரிசையில் அல்லவா வைத்தோம்!

இந்தச் செய்தி சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1992-ல் அங்கே "ருத்ரா" என்ற குழு தோன்றியது. தங்கள் சங்கீதத்துக்கு "வேத மெட்டல்" என்று பெயர் வைத்தார்கள். உறுமல் அதே உறுமல்தான். ஆனால் உள்ளே சமஸ்கிருத சுலோகம் ஒலிக்கும்! பாடகர் கதிரசன் வேதாந்தம் போதிப்பவர். 2003-ல் வந்த இசைத்தட்டின் பெயர் "குருக்ஷேத்ரா". அந்தப் போர்க்களத்தை மனிதனின் மனம் என்று பொருள் சொல்வோரும் உண்டு. அப்படிப் பார்த்தால் கத்தியும் ரத்தமும் யாரை வெட்டுவதற்கு? உள்ளே இருக்கும் ஆசையையும் அகங்காரத்தையும்தான்.

2016-ல் வந்த இசைத்தட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் "இருமையின் பகைவன்". சாத்தானைப் பற்றியது அல்ல. ஜீவனும் பிரம்மமும் ஒன்றே, இரண்டல்ல என்ற அத்வைதம்!

அந்த அத்வைதத்தை எதிர்த்து வாதாடியவர் ராமானுஜர். உலகம் பொய் அல்ல, ஜீவன் இறைவனுக்கு உடல் போன்றது என்றார். 1017-ல் அவர் பிறந்த ஊர், ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர். இங்கே ஒரு தொழிலாளி "ருத்ரா"வைக் கேட்டால், அவர் காதில் விழுவது அந்தப் பழைய வழக்கில் எதிர்க்கட்சியின் வாதம்!