ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் நோயா?

ஸ்கேன் சென்டரில் கவரை வாங்கியதும் பலரும் செய்கிற முதல் வேலை, ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைகளைக் கூகுளில் தட்டிப் பார்ப்பதுதான். முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தவருக்கு ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்பு வட்டு பிதுக்கம்) என்று வந்திருக்கும். டாக்டரைப் பார்க்கும் முன்பே, ஆபரேஷனுக்கு யாரிடம் கடன் கேட்பது என்ற கவலை பிடித்துக்கொள்ளும்.

முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2015-ல் வெளியானது. அதன்படி 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கிறது. 80 வயதில் 84 சதவீதம். தலை நரைப்பதுபோல டிஸ்குக்கும் வயதாகிறது. உங்கள் வலிக்குக் காரணம் அதுதானா என்பதை, விசாரித்துத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல முடியும். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இயல்பான உடல் படத்தில் எப்படித் தெரியும் என்று கொஞ்சம் தெரிந்திருந்தாலே பாதி பயம் போய்விடும். மார்பு எக்ஸ்ரேயில் இருப்பவர் நம் எதிரே நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பு, எலும்பு வெள்ளை. கீழே கல்லீரல் இருப்பதால் வலது உதரவிதானம் சற்று மேலேறித் தெரியும். அது கோளாறு இல்லை. படுக்கையில் இருப்பவருக்கு முன்பக்கமிருந்து எக்ஸ்ரே எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். ஐசியூ வாசலில் அந்தப் படத்தைப் பார்த்து ‘ஹார்ட் வீங்கிடுச்சு’ என்று அழும் குடும்பங்களுக்கு இதை யாராவது சொன்னால் புண்ணியம்.

எக்ஸ்ரேயிலும் சிடியிலும் கதிர்வீச்சு உண்டு. அல்ட்ராசவுண்டிலும் எம்ஆர்ஐயிலும் அது இல்லை. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1 மில்லிசீவர்ட் என்றால், வயிற்று சிடிக்கு அதைப்போலப் பல பத்து மடங்கு. தேவைப்படும்போது எடுக்கத் தயங்க வேண்டாம். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு ‘முழு உடல் ஸ்கேன்’ பேக்கேஜ் விற்பது, என்னைக் கேட்டால், பயத்தை விற்பதுதான். ‘இந்த முடிவைப் பொறுத்து என் சிகிச்சை மாறுமா?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எம்ஆர்ஐ என்றால், உடலுக்குள் பேஸ்மேக்கரோ உலோகமோ இருப்பதை மறைக்காதீர்கள்.

நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகள். எழுத்தில் கேட்டு, கடிதம் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ரிப்போர்ட்டில் சந்தேகமா? படங்கள் உள்ள குறுந்தகட்டை வாங்கி இன்னொரு ரேடியாலஜிஸ்டிடம் காட்டலாம். படிப்பதில் நேர்ந்த ஒவ்வொரு தவறும் சட்டப்படி அலட்சியம் ஆகிவிடாது. அலட்சியத்தால் பாதிப்பு நேர்ந்திருந்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். அங்கே வழக்குத் தொடர 2 ஆண்டுகள்தான் அவகாசம்.